கேட்காமல் விட்ட பித்தளைத் தண்டு

ஊர்காவற்றுறைத் துறையடியில், தீவுகளுக்கு ஓடும் லோஞ்ச் என்ற எஞ்சின் படகுகளைத் திருத்தும் பட்டறையில் நான் எட்டு வருடம் வேலை செய்த பிறகுதான் அவர் அங்கே வந்து சேர்ந்தார். பட்டறையில் எல்லாரும் அவரை நெடுந்தீவார் என்றே கூப்பிட்டார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன். ஏறக்குறைய என் வயதுதான், முப்பத்தைந்து இருக்கும். பத்து வருடம் திருகோணமலையில் கப்பல் திருத்தும் இடமொன்றில் இருந்துவிட்டு, தாய்க்குச் சுகமில்லை என்று ஊருக்குத் திரும்பியவர். பெண்சாதியும் ஒரு பெண்பிள்ளையும் நெடுந்தீவில் இருந்தார்கள். கிழமை நாட்களில் அவர் துறையடிக்குப் பக்கத்தில் ஓர் அறையில் தங்குவார், சனிக்கிழமை பின்னேரம் லோஞ்சேறி ஊருக்குப் போவார்.

அவர் வரும்வரை அந்தப் பட்டறையில் முதல் ஆள் நான். எங்கள் முதலாளிக்குத் தெற்கே ஒரு பட்டணத்தில் கடை, இங்கே மூன்று லோஞ்ச். எஞ்சின் இறுகினாலும் சுக்கான் வளைந்தாலும் அவர் கூப்பிடுவது என்னைத்தான். அனலைதீவிலிருந்து வள்ளம் கொண்டு வருபவர்களும் என்னைத்தான் கேட்டு வருவார்கள். அந்த நினைப்பில் நான் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தித்தான் நடந்தேன்.

நெடுந்தீவார் வந்த முதல் நாளே அது போயிற்று. அவர் கையில் ஒரு மரப்பெட்டி. அதற்குள் சாக்குத் துணியில் சுற்றி, எண்ணெய் தடவி, மூன்று சுத்தியல். பெட்டியை ஒரு பக்கம் வைத்தார். சேட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பிறகு யாரும் சொல்லாமலே எங்கள் சுத்தியல்கள் கிடந்த தட்டுக்குப் போனார். ஒவ்வொன்றாக எடுத்தார், காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டிப் பார்த்தார், பிடியின் மேல் பெருவிரலை ஓட்டினார், அடிக்கும் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார். ஏழு சுத்தியலில் நாலை எடுத்துக் கீழே நிலத்தில் வைத்தார். அந்த நாலில் ஒன்று என்னுடையது.

"இது ஆற்றை?" என்று கேட்டார்.

"என்ரை."

"இதைப் பாவிக்கிறனீரே?"

"எட்டு வருஷமாப் பாவிக்கிறன். ஒண்டும் நடக்கேல்லை."

அவர் சுத்தியலின் தலையைப் பிடித்து ஒரு தரம் அசைத்தார். அது ஆடியது. ஆப்பு விழுந்த இடத்தில் நான் இரண்டு ஆணி அடித்து, மேலே கம்பி சுற்றி வைத்திருந்தேன். தலை ஆடத் தொடங்கினால் பின்னேரம் ஒரு வாளித் தண்ணீருக்குள் போட்டுவிட்டுப் போவேன், காலையில் மரம் ஊதி இறுகியிருக்கும்.

"தண்ணியிலை போடுறனீரோ?" என்றார். அது எப்படித் தெரிந்ததோ. "ஊறினால் பெருக்கும்தான். காய்ஞ்சால் முந்தினதைவிட ஆடும். மரமும் உக்கிப்போம். சரி, அதை மாத்தலாம். இஞ்சை பாரும், முகத்தை."

பார்த்தேன். பல வருட அடியில் முகத்தின் ஓரம் நசிந்து வெளியே விரிந்து, இதழ் இதழாக வெடித்திருந்தது. ஓரிடத்தில் வெடிப்பு உள்ளேயும் போயிருந்தது.

"உதை அரத்தாலை ராவினாலும் சரிவராது. வெடிப்பு உள்ளுக்குப் போட்டுது. ஒரு நாளைக்கு அடிக்கேக்கை துண்டு பறக்கும். இனி இதைத் தொடவேண்டாம்."

முதலாளி வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "நீர் சொல்லுறபடியே செய்வம்," என்றார் அவரிடம். எட்டு வருடத்தில் அந்தச் சொல்லை அவர் எனக்கு ஒரு நாளும் சொன்னதில்லை.

எழுபதுகளின் தொடக்கம், சாமான் தட்டுப்பாடான காலம் அது. கடையில் புதுச் சுத்தியல் வாங்க முடியாது. அதனால் இருப்பதைத்தான் திருத்த வேண்டும். அடுத்த திங்கள் நெடுந்தீவார் ஊரிலிருந்து காய்ந்த பூவரசந் தடி ஒரு கட்டுக் கொண்டுவந்தார். நார் நேராக ஓடும் தடியாகப் பொறுக்கிச் செதுக்கினார். தலைக்குள் போகும் நுனியை வாளால் பிளந்து, தலையை ஏற்றி, அந்தப் பிளவுக்குள் மர ஆப்பு அடித்தார். அதற்குக் குறுக்கே சின்ன இரும்பு ஆப்பு ஒன்றை இறக்கினார். நசிந்த முகங்களை அரத்தால் ராவி ஓரத்தை மழுக்கினார். கடைசியில் பிடிக்கு எண்ணெய் பூசி நிழலில் வைத்தார். உப்புக்காற்றில் இரும்பு ஒரு கிழமையில் சிவந்துவிடும் ஊர் எங்களுடையது. அவர் ஒவ்வொரு சனிக்கிழமையும், லோஞ்சுக்கு ஓடுவதற்கு முன், எண்ணெய்த் துணியால் எல்லாவற்றையும் ஒரு தரம் துடைத்துவிட்டுத்தான் போவார். நான் பார்க்காதது போலப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு தவறு கண்டுபிடிக்கத்தான் பார்த்தேன். கிடைக்கவில்லை.

என் பழைய சுத்தியலை அவர் கழிவிரும்புத் தகரத்துக்குள் போட்டுவிட்டு, வேறொரு தலைக்குப் புதுப் பிடி போட்டு என்னிடம் நீட்டினார்.

"உம்மடை கைக்கு அளவாத்தான் செய்தனான்," என்றார்.

பிடித்துப் பார்த்தேன். கைக்குள் அப்படியே அடங்கியது. கொஞ்சமாவது பொருந்தாமல் இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "பாப்பம்," என்று சொல்லித் தட்டில் வைத்தேன். அதை எடுக்காமலே பல நாள் வேலை செய்தேன்.

வீட்டிலும் நிம்மதி இல்லை. என் மனைவியும் நெடுந்தீவுதான். கலியாணம் முடித்து வந்து ஐந்து வருடம். அவள் தாய் அங்கே தனியாக இருந்தார். நெடுந்தீவார் திங்கட்கிழமைகளில் மாமி கொடுத்துவிடும் தயிரும் நெய்யும் கொண்டுவந்து எங்கள் வீட்டில் கொடுப்பார். அவரும் என் மனைவியும் படலையடியில் நின்று எனக்குத் தெரியாத ஆட்களைப் பற்றிக் கதைத்துச் சிரிப்பார்கள். யாருடைய மாடு யாருடைய கல்வேலியைத் தள்ளியது, யார் யாரோடு கோபம் என்று. தப்பாக நினைக்க அதில் ஒன்றுமில்லை. நானும் அப்படி நினைக்கவில்லை. ஆனால் அந்தச் சிரிப்பை அவள் எனக்குச் சிரித்துக் காட்டி வெகுகாலமாகியிருந்தது.

ஒரு நாள் வேலை முடிந்து வந்து குசினிக்குப் பக்கத்தில் கிடந்த கதிரையில் இருந்தேன். அதன் கால் ஆடும். திருத்தித் தருகிறேன் என்று நான் பல மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்த கதிரை. அன்று அது ஆடவில்லை.

"ஆர் திருத்தினது?"

"அவர்தான்," என்றாள் மனைவி. "அம்மா தந்துவிட்ட சாமான் குடுக்க வந்தவர். இருக்கச் சொன்னன். ஆடுதெண்டு பாத்திட்டு ரெண்டு தட்டுத் தட்டினார். என்ன கவனமான மனிசன், பாருங்கோ."

நான் எழும்பிவிட்டேன். பிறகு ஒரு மாதம் அந்தக் கதிரையில் நான் இருக்கவில்லை. கீழே பாய் போட்டுச் சாப்பிட்டேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் முதுகு நோகிறது என்று சொல்லியிருப்பேன்.

அதற்கிடையில் நெடுந்தீவார் பட்டறைக்கு இன்னொரு காரியம் செய்தார். பழைய பித்தளைச் சாமான் சிலவற்றை உருக்கி, நாலு அளவில் நாலு தண்டு வார்த்தெடுத்தார். இறுகிப்போன ஆணியையோ முளையையோ வெளியே தள்ள வேண்டுமானால் சுத்தியலால் நேரே அடிக்காமல், இந்தத் தண்டை இடையில் வைத்து அடிக்க வேண்டும். பித்தளை மெத்தென்றது, துண்டு பறக்காது. "சுத்தியலைச் சுத்தியலாலை மட்டும் அடிச்சுப் போடாதேங்கோ," என்று எல்லாருக்கும் சொன்னார். "ரெண்டும் இறுக்கமான இரும்பு. ஒண்டு வெடிக்கும்." தண்டுகளைத் தன்னுடைய தட்டில் வைத்தார். வேண்டியவர்கள் அவரிடம் ஒரு சொல் சொல்லிவிட்டு எடுக்கலாம். எல்லாரும் எடுத்தார்கள். நான் ஒரு தரமும் எடுக்கவில்லை. எடுப்பதானால் அவரிடம் கேட்க வேண்டும்.

நயினாதீவுத் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த நாட்களில் கோயிலுக்குச் சனம் ஏற்ற, ஓடக்கூடிய லோஞ்ச் எல்லாம் ஓட வேண்டும். முதலாளியின் பெரிய லோஞ்சில் எஞ்சினையும் சுழலித் தண்டையும் பொருத்தும் இடத்தில் ஓர் இரும்பு முளை இறுகிக் கிடந்தது. அதைக் கழற்றும் வேலை எனக்கு. நெடுந்தீவார் பக்கத்துக் கரையில் இன்னொரு லோஞ்சின் அடிப்பலகையில் வேலையாக இருந்தார். காலை பத்து மணியிருக்கும், நல்ல வெயில்.

எஞ்சின் கிடந்த பள்ளம் ஒடுக்கம். சம்மட்டி வீச இடமில்லை. மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்தேன், முளை அசையவில்லை. அதன் தலை உள்ளே போயிருந்தது. இடையில் ஏதாவது வைத்துத்தான் அடிக்க வேண்டும். எனக்கு வேண்டியது பித்தளைத் தண்டு என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அவர் தட்டு இருபது அடி தூரத்தில். அவர் நின்றது ஐம்பது அடி தூரத்தில். "தண்டை எடுக்கிறன்" என்று ஒரு சத்தம் வைத்திருந்தால் போதும்.

நான் கழிவிரும்புத் தகரத்தடிக்குப் போய் என் பழைய சுத்தியலைக் கிளறி எடுத்தேன். அதன் பின்பக்கத்துக் குமிழை முளையின் மேல் வைத்து இடது கையால் பிடித்துக்கொண்டேன். வலது கையில் அவர் எனக்குச் செய்து தந்த சுத்தியல். பழையதின் முகத்தில் அடித்தேன்.

இரும்பில் இரும்பு அடிபடும் சத்தம் பட்டறையில் நாள் முழுக்கக் கேட்கும். ஆனால் சுத்தியலும் சுத்தியலும் அடிபடும் சத்தம் வேறு. கீச்சென்று காதைக் குத்தும். மூன்று அடி அடித்தேன். அவருக்கு அது கேட்டிருக்க வேண்டும். ஓடி வரும் காலடியும் குரலும் கேட்டன.

"நிப்பாட்டும்! நிப்பாட்டும் எண்டுறன்!"

இதை எழுதத்தான் இவ்வளவும் எழுதினேன். அவர் சொன்னது எனக்குக் கேட்டது. நன்றாகக் கேட்டது. என் தலைக்கு மேலே அவர் நிழல் விழுந்ததையும் கண்டேன். எனக்குக் கட்டளை போட நீர் ஆர் என்று மனதுக்குள் சொன்னபடி நாலாவது அடியை முன்னையதைவிட ஓங்கி அடித்தேன்.

பழையதின் முகத்திலிருந்து ஒரு துண்டு பறந்தது. அவர் லோஞ்சின் விளிம்பில் அப்படியே இருந்துவிட்டார். இடது கண்ணை ஒரு கை பொத்தியிருந்தது. விரலுக்கிடையால் இரத்தம் வந்தது. மற்றக் கையில் பித்தளைத் தண்டு. எனக்குத் தரத்தான் கொண்டு வந்திருக்கிறார்.

முதலாளியின் காரில் அவரை யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். இரண்டு பேர் கூடப் போனார்கள். நான் போகவில்லை. "இந்த வேலை முடிய வேணுமே," என்று சொன்னேன். எல்லாரும் போன பிறகு அந்தத் தண்டை எடுத்து முளையில் வைத்து அடித்தேன். இரண்டாவது அடியில் முளை வெளியே வந்து விழுந்தது. 

பழைய சுத்தியலைத் திரும்பத் தகரத்தின் அடியில் போட்டு மேலே கழிவிரும்பை மூடினேன். பின்னேரம் முதலாளி வந்து கேட்டபோது, முளையிலிருந்து துண்டு பறந்தது என்று சொன்னேன். அவர் நம்பினார்.

அடுத்த நாள் மனைவி விடிய எழும்பிச் சோறும் மீன் குழம்பும் ஆக்கிக் கட்டிக்கொண்டு பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஒரு மனிதரின் கண்ணைக் கெடுத்துவிட்டு வீட்டில் இருந்த எனக்கு அந்த நேரம் என்ன நினைப்பு வந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். எனக்குக் காய்ச்சல் வந்தபோது இப்படி ஒரு குழம்பு வைத்தாளா என்று நினைத்தேன். பட்டறை ஆட்கள் முறை வைத்துப் போய்ப் பார்க்க ஏற்பாடு செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோதும் எரிந்தது. நெடுந்தீவிலிருந்து ஒரு லோஞ்ச் நிறையச் சனம் வந்ததாம். நான் விழுந்து கிடந்தால் எத்தனை பேர் வருவார்கள் என்று எண்ணிப் பார்த்தேன்.

மனைவி பின்னேரம் திரும்பி வந்தாள்.

"துண்டை எடுத்திட்டினமாம். ஆனால் அந்தக் கண் இனி மங்கல்தானாம்," என்றாள். பிறகு சொன்னாள், "உங்களைத்தான் விசாரிச்சவர். உங்கடை கண்ணிலை ஒண்டும் படேல்லையோ எண்டு ரெண்டு தரம் கேட்டவர்."

அதற்கு மேல் என்னால் ஏலவில்லை. சுத்தியலையும் தகரத்தையும், நாலாவது அடியையும் சொன்னேன். அவள் கையில் கழுவக் கொண்டுபோன பாத்திரம் இருந்தது. அதை வைக்காமல் நின்று கேட்டாள்.

"ஏன்? அவர் உங்களுக்கு என்ன செய்தவர்?"

"ஒண்டும் செய்யேல்லை."

"பேந்தென்ன?"

"எல்லாரும் அவரை அவரை எண்டால் எனக்கு எப்பிடி இருக்கும்? நீயும்தான்."

அவள் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "நீங்கள் இப்பிடிப்பட்ட ஆளெண்டு நான் நினைக்கேல்லை," என்றாள். குரலை உயர்த்தவில்லை. "நாளைக்குப் போய் அவரிட்டைச் சொல்லுங்கோ. சொல்லாமல் இந்த வீட்டிலை சாப்பாடு கேக்கவேண்டாம்."

நாளைக்கு என்று அவள் சொன்னாலும் நான் போனது அதற்கு அடுத்த நாள். அவர் கட்டிலில் நிமிர்ந்து இருந்தார். இடது கண்ணில் கட்டு. பக்கத்தில் வேறு யாருமில்லை. நான் வாயைத் திறக்க முதல் அவரே தொடங்கினார்.

"டொக்டர் காந்தம் வைச்சுத்தான் துண்டை எடுத்தவர். எனக்குக் காட்டினவர். முளை இரும்பு இல்லை அது. சுத்தியல் முகம் எனக்குத் தெரியாதே?"

"ஓம்," என்றேன். "தகரத்துக்குள்ளை போட்ட என்ரை பழசு."

"ஏன் தண்டைக் கேக்கேல்லை?"

"உம்மட்டைக் கேக்க மனம் வரேல்லை."

"நிப்பாட்டச் சொன்னது கேட்டதோ?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். எஞ்சின் பள்ளத்துக்குள் நின்றவனுக்குக் கேட்டிருக்காது என்று யாரும் நம்பியிருப்பார்கள்.

"கேட்டது," என்றேன்.

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் போவதா இருப்பதா என்று தெரியாமல் நின்றேன். கடைசியில் சுவரைப் பார்த்தபடியே சொன்னார், "முதலாளிக்கு நீர்தான் சொல்லவேணும். நான் சொல்ல மாட்டன். உம்மோடை கோவமில்லை எண்டு சொல்ல எனக்கு இப்ப ஏலாது. கண் இப்பவும் வலிக்குது. போட்டு வாரும்."

அன்றே முதலாளியிடம் சொன்னேன். அவர் ஏசுவார், வேலையால் நிறுத்துவார் என்று நினைத்தேன். ஏசவில்லை. எல்லாரையும் கூப்பிட்டு, தகரத்திலிருந்து அந்தச் சுத்தியலை எடுப்பித்து, தலையை வள்ளத்தில் கொண்டுபோய் நடுக்கடலில் போடச் செய்தார். "கழிச்சதைத் தகரத்திலை வைச்சிருந்தது என்ரை பிழையும்தான்," என்றார். பிறகு என்னைப் பார்த்து, "ஆறு மாதத்துக்கு நீர் சுத்தியல் தொடக் கூடாது," என்றார். லோஞ்சுகளின் அடியில் ஒட்டும் சிப்பி சுரண்டுவதும் நிறம் பூசுவதும்தான் வேலை. புதிதாகச் சேர்ந்தவர்கள் செய்யும் வேலை அது.

இரண்டு மாதத்தில் நெடுந்தீவார் திரும்பி வந்தார். ஒரு கண்ணால் நுணுக்கமான வேலை சரிவராது என்று, முதலாளி ஆயுதங்கள் எல்லாவற்றையும் ஓர் அறையில் வைத்து, அந்த அறையை அவர் பொறுப்பில் விட்டார். காலையில் அவரிடம் வாங்கி, பின்னேரம் அவரிடம் கொடுக்க வேண்டும். எந்தச் சுத்தியல் வேலைக்குப் போகலாம், எது போகக் கூடாது என்பது அவர் சொல்வதுதான். முதலாளிக்கு அடுத்த இடம். கண்ணைக் கொடுத்து அந்த இடத்தை வாங்கியவர் என்று தெரிந்தும், அந்த அறையின் யன்னலில் நின்று சுரண்டுகத்தி வாங்கும் ஒவ்வொரு காலையும் எனக்கு வயிறு எரிந்தது. என்னை நானே காறித் துப்ப வேண்டும் போலவும் இருக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் இருக்கும். ஆறு மாதமும் எங்களுக்குள் பேச்சு, "சுரண்டுகத்தி", "இந்தாரும்" என்பதோடு சரி.

ஆறு மாதம் முடிந்த அன்று யன்னலடிக்குப் போய் நின்றேன். அவர் கேட்காமலே, என் கைக்கு அளவாகச் செய்த சுத்தியலை எடுத்து, காதடியில் ஆட்டிப் பார்த்து, முகத்தை வலது கண்ணுக்குக் கிட்டவாகப் பிடித்துப் பார்த்துவிட்டு நீட்டினார்.

"தண்டும் ஒண்டு தாரும்," என்றேன்.

தந்தார். "எந்த வேலைக்கு?" என்று கேட்டார். சொன்னேன். அது சின்னது, போதாது என்று வேறொன்றை எடுத்துத் தந்தார். அதன் பிறகு நாங்கள் கதைத்தோம். வேலைக் கதைதான். நண்பர்களாகவில்லை. ஆனால் சனிக்கிழமைகளில் துடைக்கும் துணியை அவர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக எடுத்துக்கொள்வோம். ஆப்பு இறக்கவும் முகம் ராவவும் நானும் நன்றாகப் பழகிவிட்டேன். ஒரு தரம் வேலணையிலிருந்து வந்த வள்ளக்காரர் ஒருவர் நான் போட்ட பிடியைப் பார்த்து, "நெடுந்தீவார் போட்ட மாதிரியே கிடக்கு," என்றார். புகழ்ச்சிதான். எனக்கு அன்று முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் அவர் மகளுக்குக் கலியாணம். எனக்கும் மனைவிக்கும் சொல்லியிருந்தார். நெடுந்தீவுக்குப் போனோம். பந்தலில் மாப்பிள்ளையின் பெரியப்பா அவர் கண்ணைப் பார்த்து, "இதென்ன, சின்னனிலை நடந்ததோ?" என்று கேட்டார்.

"இல்லை, பட்டறையிலை. ஒரு விபத்து," என்றார் நெடுந்தீவார்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். "நான் அடிச்ச அடியிலை," என்றேன். "இவர் நிப்பாட்டச் சொன்னவர். நான் கேக்கேல்லை."

அந்தப் பெரியவர் என்னையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தார்.  நெடுந்தீவார் என் முழங்கையைத் தொட்டு, "வாரும், பந்தி போடுறாங்கள்," என்றார். என்னைத் தன் பக்கத்திலேயே இருத்தினார்.

திரும்பி வரும்போது கடல் அமைதியாக இருந்தது. லோஞ்ச் நிறையக் கலியாணத்துக்கு வந்த சனம். இடமில்லாமல் மனைவி என் தோளோடு ஒட்டிக்கொண்டு இருந்தாள்.

"எவ்வளவு சனம், பாத்தியே," என்றேன். "எங்கடை கலியாணத்துக்கு இதிலை கால்வாசியும் வரேல்லை."

அவள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு, லோஞ்ச் குறிகட்டுவான் துறையை அடையும்வரை சிரித்தாள்.